பயன்படுத்தாத பெயர்

இருபத்தொன்பதாம் வகுப்பில் இருக்கிறது என் பெயர்.
நான் படித்தது எட்டு வரைதான்.
பிரிட்டோரியாவில் ஒரு பதிவேட்டில்
ஊறுகாய், ஜாம், உலர்ந்த பழம் இவற்றோடு
'சாலாட்சி' என்று போட்டு
உரிமையாளர் கட்டத்தில்
தவநாதன் என்று எழுதியிருக்கிறது.

காய் நறுக்கியது நான்.
வெருலம் சந்தையில் வாளியோடு நின்றது நான்.
படிவம் நிரப்பியது அவன்.
மணமுறிவில் வீடு யாருக்கு, கார் யாருக்கு என்று
இரண்டு நாள் பேசினார்கள்.
பெயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
அது என்னோடு வந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

வக்கீல் தண்டேகா சிபியா
பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:
உன் பெயரை நீ நேர்மையாகச் சொல்லிக்கொள்ளச்
சட்டம் குறுக்கே நிற்காது.
ஆனால் அந்த எழுத்து, அந்த மாங்காய்,
பச்சை வட்டத்துக்குள் உன் முப்பது வயது முகம்,
அதெல்லாம் அவனுடையது.
பத்து வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டினால்
சாகும்வரைக்கும் அவனுடையது.
செத்தாலும்தான், என்றாள் கொஞ்சம் யோசித்து.

ஒரு வழி இருந்தது.
ஐந்து வருஷம் அவன் அதைத் தொடாமலிருந்தால்
பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.
அவனோ பட்டறையைப் பூட்டிக்
கரும்பு லாரி வாங்கிவிட்டான்.
அந்த மார்ச்சிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை.
பீனிக்ஸ், ஸ்டேங்கர், சாட்ஸ்வொர்த்,
ஒருமுறை பஸ் பிடித்து உம்ஸின்டோ வரைக்கும்.
கடை கடையாக ஏறி
"சாலாட்சி ஊறுகாய் இருக்கா?" என்பேன்.
"இப்ப வர்றதே இல்லையே" என்பார்கள்.
எனக்கு இனிக்கும்.
ஒருத்தி மட்டும்
"அந்தம்மா செத்துட்டாங்களாம்" என்றாள்.
அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

இதெல்லாம் உன் வேலையில்லை என்றாள் சிபியா.
பயன்படுத்தினேன் என்று காட்டுவது அவன் பாடு.
ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் நம் வழக்கு.
ஒன்றும் நடக்காததற்கு
என்னிடம் மூன்று நோட்டு இருந்தது.

ஐந்தாம் வருஷம், பத்தாம் மாதம்.
டொங்காட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு சின்னக் கடை.
டின் மீனுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில்
தூசி படிந்து, சிரித்தபடி, நான்.

முப்பத்திரண்டு ராண்ட்.
வாங்கினால் விற்பனை.
விற்பனை ஆனால் உபயோகம்.
என் காசைக் கொடுத்து என் பெயரை
அவனுக்கே உயிர்ப்பித்துத் தருவேனா?
விட்டுப் போனால் வேறொருவர் எடுப்பார்.
பாட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
வாசல்வரை போனேன்.
திரும்பி வந்து மெழுகுவத்திக் கட்டை அதன்முன் நகர்த்தினேன்.
சிபியாவுக்குப் போன் செய்தேன்.
சனிக்கிழமை, எடுக்கவில்லை.

கல்லாவிலிருந்த எத்தியோப்பியப் பையன்
எழுந்து வந்தான்.
லேபிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.
மூடியைத் திருப்பித் தேதியைத் தேடினான்.
"ஆன்ட்டி, இது கெட்டுப்போய் மூணு வருஷம்.
காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

எழுதித் தா என்றேன்.
எதை?
விற்கவில்லை என்று.
சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினான்: இலவசம்.
கீழே அவன் மொழியில் கையெழுத்து,
கோலம்போல. படிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சிபியா
சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையைக் கோப்பில் குத்தினாள்.
தேவைப்படாது என்றும் சொன்னாள்.
புதுப் படிவத்தில் இரண்டு கட்டம்,
குறி ஒன்று, விண்ணப்பிப்பவர் ஒன்று.
ஒரே பெயரை இரண்டிலும் எழுதும்போது
இரண்டாவதில் எழுத்துப் பிழை வந்தது.
அடித்துத் திருத்தினேன்.

பாட்டில் இன்னும் சமையல்மேடையில்தான் இருந்தது.
கெட்டதோ கெடாததோ, பார்த்துவிடலாம் என்று
துணி சுற்றித் திறந்தேன்.
எண்ணெய் கறுத்திருந்தது.
விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்புக் குறைச்சல்.
அதுவும் என் பெயரில்.